கரிச்சான் விழுங்கிய நியாயம்

ஒரு காட்டில் ஒரு கரிச்சான் குருவி வாழ்ந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. சொன்னால் அந்தக் காட்டார் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு இது பெருமையான கதை இல்லை.

கரிச்சான் கன்னங்கரேல் என்று இருக்கும். வால் இரண்டாகப் பிளந்திருக்கும். அதன் சாமர்த்தியமெல்லாம் தொண்டையில்தான். எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். மயிலாக அகவும், அணிலாகக் கீச்சிடும். பருந்தைப் போலச் சீழ்க்கையடித்துக் காட்டுக்கோழிகளை விரட்டிவிட்டு, அவை போட்டுவிட்டு ஓடிய புழுக்களை ஆற அமர உட்கார்ந்து தின்னும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு பேருக்குள் தகராறு வந்தால் பல்லாலும் நகத்தாலும் தீர்த்துக்கொள்ளக் கூடாது. பாறையடியில் சபை கூடும். காட்டெருதுதான் சபைத் தலைவர். வழக்குப் பேச வருகிறவர் எடுத்த எடுப்பில் தன் கட்சியைப் பேசிவிட முடியாது. எதிராளியின் நியாயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனோதானோ என்று சொன்னாலும் போதாது. எதிராளி அதைக் கேட்டு, "ஆமாம், நான் சொல்ல நினைத்தது இதுதான்" என்று தலையாட்ட வேண்டும். அந்தத் தலை ஆடிய பிறகுதான் மறுத்துப் பேச உரிமை உண்டு.

அதற்காக, வழக்குக்கு முதல் நாள் எதிராளி வந்து தன் மனத்தில் உள்ளதையெல்லாம் பேசப்போகிறவரிடம் கொட்டிவிட்டுப் போவதுண்டு. பேசத் தெரியாதவர்களுக்கும் அதனால் பயமில்லை. அவர்களுக்காக எதிராளியின் வாயே பேசியாக வேண்டும் அல்லவா? பாதி வழக்குகள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். அடுத்தவன் நியாயத்தை நம் வாயால் சொல்லும்போது, "அட, இதுவும் சரிதானே!" என்று நமக்கே தோன்றிவிடும்.

கரிச்சானுக்கு மட்டும் அப்படித் தோன்றியதே இல்லை. அது பேசிய வழக்குகளில் ஒன்றுகூடத் தோற்றதில்லை.

"பேச்சு என்றால் சும்மா வந்துவிடுமா? கட்ட வேண்டும்," என்று மந்திக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அது பீற்றிக்கொள்ளும். "முதலில் அவையடக்கம். 'நான் சின்னஞ்சிறு குருவி, எனக்கு என்ன தெரியும்' என்று ஆரம்பித்தால் பெரிய பெரிய மிருகங்களெல்லாம் இளகிப்போகும். பிறகு மேற்கோள். இதுதான் என் முடிவு என்று ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். பிறகு ஏது. ஏன் அப்படி என்பதற்குக் காரணம். பிறகு எடுத்துக்காட்டு. அது எல்லோரும் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். கடைசியில்தான் நெஞ்சைத் தொட வேண்டும். முதலிலேயே அழவைத்துவிட்டால் தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் கண்ணீர் காய்ந்துபோயிருக்கும்!"

மந்திகள் கை கொட்டும். கரிச்சானுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அதே காட்டில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. முரட்டுப் பன்றி, பிடித்தால் பிடித்த பிடி. ஆனால் தன் குட்டிகள் என்றால் உயிர். முந்தைய கோடையில் காட்டுத்தீ வந்தபோது அதன் மனைவி இறந்துபோனது. அன்றிலிருந்து நான்கு குட்டிகளையும் பன்றி ஒற்றையாக வளர்த்து வந்தது. அது மூக்கால் மண்ணைக் கிளறும்போது பூச்சிகள் பறக்கும். கரிச்சான் பன்றியின் முதுகில் உட்கார்ந்து அவற்றைப் பிடித்துத் தின்னும். இருவருக்கும் அப்படி ஒரு சிநேகம்.

இந்தக் கோடையில் பன்றியின் கண் ஒரு மேட்டின் மேல் விழுந்தது. மேடு முழுக்க வள்ளிக்கிழங்கு. ஆனால் அந்த மேட்டுக்கு அடியில் ஓர் அழுங்கு வளை தோண்டிக் குடியிருந்தது. அழுங்கு தெரியுமா? உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது போலச் செதில். எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. பயங்கொள்ளிப் பிராணி. யாராவது முறைத்துப் பார்த்தால்கூடத் தலையைக் குனிந்து வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும்.

பன்றி மேட்டைக் கேட்டது. அழுங்கு, "முடியாது" என்று சொல்லக்கூடப் பயந்துகொண்டு வளைக்குள் ஒளிந்தது. வழக்கு சபைக்கு வந்தது. பன்றிக்காகக் கரிச்சான் பேசுவதாக ஏற்பாடு.

சபைக்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் அழுங்கு கரிச்சானைத் தேடி வந்தது. அதன் வாலடியில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, நாளைக்கு வழக்கு. என் பக்கத்தைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உட்காருங்க அக்கா. பயப்படாம எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாம, உங்க குரல்லயே சொல்லிடறேன்."

அழுங்குக்குத் தெம்பு வந்தது. "மேட்டைக் கிளறினா என் வளை இடிஞ்சிடும் தம்பி. குட்டி இன்னும் தனியா நடக்கப் பழகலை. வேற வளை தோண்டலாம்னா மண்ணு கல்லாட்டம் கிடக்கு. மழை விழுந்து மண் இளகட்டும், நானே ஒதுங்கிப் போயிடறேன். அதுவரைக்கும் விட்டா போதும்."

"நியாயமான பேச்சு. அவ்வளவுதானா?"

அழுங்கு முன்னங்கால் நகங்களால் மண்ணைக் கீறியது.

"இன்னொண்ணு இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு தெரியலை."

"என்கிட்ட என்னக்கா தயக்கம்?"

"போன கோடையில தீ வந்துச்சே, அன்னிக்குப் பன்றியண்ணன் தண்ணி தேடி அக்கரைக்குப் போயிருந்தாரு. அவரு சம்சாரம் நாலு குட்டியையும் தள்ளிக்கிட்டு என் வளை வாசலுக்கு ஓடி வந்தாங்க. 'தங்கச்சி, இதுங்களை உள்ள விட்டுக்கோ'ன்னாங்க. குட்டிங்க நுழைஞ்சிடுச்சு. அவங்களால நுழைய முடியலை. வாசலை மண்ணு தள்ளி மூடினாங்க. புகை உள்ள வரக் கூடாதுன்னு நல்லா மிதிச்சு மூடினாங்க. அப்புறம் அவங்க சத்தம் கேட்கலை."

கரிச்சான் இன்னும் ஒரு கிளை கீழே இறங்கி வந்தது.

"தரை ஆறினதும் குட்டிகளை ஓடைப் பக்கம் கூட்டிட்டுப் போய் விட்டேன். பன்றியண்ணன் ஓடி வந்து கட்டிக்கிட்டு அழுதாரு. நான் புதருக்குள்ள இருந்து பார்த்துட்டு வந்துட்டேன். குட்டிங்க ரொம்பச் சின்னது, ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அவருக்கு இது தெரியவே தெரியாது."

"ஏன்க்கா அவர்கிட்ட நீங்க சொல்லவே இல்லை?"

"எப்படித் தம்பி சொல்றது? செஞ்சதைச் சொல்லிக்காட்டற மாதிரி ஆயிடாதா? வெக்கமா இருக்கும். ஆனா சபையில எதிர்க்கட்சிக்காரங்க எடுத்துச் சொன்னா அது வழக்குப் பேச்சு. அதுல வெக்கம் இல்லை. அதனாலதான் உன்கிட்ட சொல்றேன்."

"நான் பார்த்துக்கறேன். நீங்க நிம்மதியா போங்க," என்றது கரிச்சான். அந்த நிமிஷத்தில் அது உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. அதை நான் மறைக்கக் கூடாது.

ஆனால் அழுங்கு போன பிறகு கரிச்சானின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. 'இதைச் சபையில் சொன்னால் என்ன ஆகும்? பன்றி அங்கேயே கீழே விழுந்து அழும். மேட்டைத் தானே விட்டுக்கொடுத்துவிடும். வழக்கு முடிந்தது. நான் பேச வாயைத் திறப்பதற்கு முன்பே தோற்றுவிடுவேன்! மந்திகள் என்ன சொல்லும்?'

அது கிளையில் இங்கும் அங்கும் நடந்தது. 'சொல்லாமல் விட மாட்டேன். சமயம் பார்த்துச் சொல்வேன்,' என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. அந்தச் சமயம் வராது என்பது அதற்கு அப்போதே தெரியும்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் சபை கூடியது. காடே வந்திருந்தது. பன்றி தன் நான்கு குட்டிகளோடு முன்வரிசையில் நின்றது. அழுங்கு ஒரு கல்லின் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது.

"சபைக்கு வணக்கம்," என்று ஆரம்பித்தது கரிச்சான். "நானோ சின்னஞ்சிறு குருவி. என் எடை ஓர் இலையின் எடை. இவ்வளவு பெரியவர்கள் முன்னால் வாய் திறக்க எனக்கு என்ன தகுதி? வழக்கம் கட்டளையிடுகிறது, பேசுகிறேன். முதலில் அழுங்கு அக்காவின் நியாயத்தைக் கேளுங்கள்."

பிறகு அது அழுங்கின் குரலில் பேசியது. தயங்கித் தயங்கி, மூச்சு வாங்கி, அச்சு அசல் அப்படியே. "என் வளை இடிஞ்சிடுமுங்க. குட்டி நடக்கப் பழகலைங்க. மழை விழுந்ததும் நானே போயிடறேனுங்க."

மந்திகள் வியந்து சிரித்தன. நல்ல சிரிப்புத்தான். ஆனால் தன் குரல் அத்தனை பேர் நடுவில் ஒலிப்பதைக் கேட்டதும் அழுங்கு நடுங்கிப்போய்க் காதுகளை இறுக மூடிக்கொண்டது.

"இதுதான் அக்காவின் நியாயம்," என்று கரிச்சான் நிறுத்தியது.

சபை முழுவதும் அழுங்கைத் திரும்பிப் பார்த்தது. யானையின் கண், சிறுத்தையின் கண், மிளா மானின் கண், எல்லாக் கண்களும். அழுங்கு தாங்கவில்லை. தலை குனிந்தது, உடம்பு மெல்லச் சுருண்டது.

"தலையசைத்துவிட்டது," என்றது காட்டெருது. "மேலே பேசலாம்."

குழந்தைகளே, அது தலையசைப்பு இல்லை, பயம். காட்டில் அதைச் சரியாகப் பார்க்கும் இடத்தில் இருந்தது கரிச்சான் ஒன்றுதான். "ஐயா, பொறுங்கள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது," என்று சொல்ல அதற்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சை இழுத்து வேறு பேச்சுக்குச் செலவழித்தது.

"மேடு பன்றிக்கே உரியது. இது என் மேற்கோள். ஏன்? எவருக்குத் தேவை பெரிதோ அவருக்கே பங்கும் பெரிது. இது ஏது. எடுத்துக்காட்டு வேண்டுமா? ஓடையில் யானை குடிக்கும் தண்ணீரையும் முயல் குடிக்கும் தண்ணீரையும் பாருங்கள். முயல் என்றாவது வழக்குத் தொடுத்ததா? மழை வரும்வரை பொறுக்கச் சொல்கிறார் அக்கா. மழை வந்தால் காடெல்லாம் பன்றிக்குச் சாப்பாடு! பசி இந்தக் கோடையில் அல்லவா இருக்கிறது?"

மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டின. கரிச்சான் குரலைத் தாழ்த்தியது.

"அதோ நிற்கின்றன நான்கு குட்டிகள். அவற்றின் தாய் எங்கே? போன கோடையின் தீயைக் கேளுங்கள். தாயை இழந்த பிள்ளைகள் இன்று கேட்பது பாலும் அல்ல, பாசமும் அல்ல. நாலு கிழங்கு. அதையும் மறுக்கப் போகிறீர்களா?"

தீ என்று சொல்லும்போது அதன் தொண்டை ஒரு கணம் அடைத்தது. அதையும் பேச்சின் அழகு என்றே சபை எடுத்துக்கொண்டது. கரடி மூக்கை உறிஞ்சியது. பன்றி விசும்பி விசும்பி அழுதது.

"மேடு பன்றிக்கு," என்றது காட்டெருது.

மந்திகள் குதித்துக் குதித்துக் கை கொட்டின. கரிச்சானைப் பன்றி தன் முதுகில் ஏற்றிக்கொண்டு காடு சுற்றி வந்தது.

மறுநாள் காலையில் பன்றி மேட்டைக் கிளற ஆரம்பித்தது. கரிச்சான் ஒரு மருத மரத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே அழுங்கு போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறிய பிறகு அழுங்கு வெளியே நடந்து யாரும் பார்த்ததில்லை. வாலடியில் குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொங்கியது.

கரிச்சான் இலைக்குள் மறையப் பார்த்தது. அழுங்கு அதற்குள் கண்டுவிட்டது.

"தம்பி, நல்லா பேசினியாம். எல்லாரும் சொன்னாங்க. உன் வாயில என் குரலைக் கேட்டதும் எனக்கு உதறல் எடுத்துடுச்சு, காதை மூடிக்கிட்டேன். ஒண்ணும் கேட்கலை." அது கொஞ்சம் தயங்கியது. "அந்தத் தீ விஷயம்... சொன்னியா?"

'ஆம்' என்று சொல்ல இரண்டு எழுத்து, 'இல்லை' என்று சொல்ல மூன்று எழுத்து. அவ்வளவுதான் வித்தியாசம். கரிச்சான் சொன்னது, "சொன்னேன்க்கா."

"பன்றியண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லைக்கா."

 அழுங்கு கோபப்படும் என்று கரிச்சான் எதிர்பார்த்தது. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"என் மேலதான் தப்பு," என்றது அழுங்கு. "உன்கிட்ட அதைச் சொல்லியே இருக்கக் கூடாது. செத்துப்போன மகராசி பேரை வச்சுக் கூலி கேட்ட மாதிரி ஆயிடுச்சு. அவரு மனசு கசந்துபோய்தான் பேசாம இருந்திருப்பாரு. இனிமே அவரு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அந்தப் பாறைச் சந்துப் பக்கம் போயிடறேன். அங்க யாரும் வர மாட்டாங்க."

போய்விட்டது. நடக்கும்போது அது தலையைத் தூக்கவே இல்லை.

கரிச்சானுக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு முன் அது வெட்கப்பட்டதே இல்லை, அதனால் முதலில் ஏதோ அஜீரணம் என்று நினைத்துக்கொண்டது. பன்றியின் முதுகில் போய் உட்கார்ந்தது. மேட்டைக் கிளறக் கிளறக் கரையான் சிதறியது. அழுங்கின் சாப்பாடு. கரிச்சான் ஒன்றைப் பிடித்தது. விழுங்க முடியாமல் துப்பியது. அன்று சாயங்காலத்துக்குள் வளையின் கூரை சரிந்தது. குட்டிப் பன்றிகள் அந்தப் பள்ளத்தில் குதித்து விளையாடின.

நாட்கள் போயின. மந்திகள் கூப்பிட்டாலும் கரிச்சான் போகவில்லை. யாராவது, "அன்றைக்கு என்ன பேச்சு!" என்று பாராட்டினால் அதற்கு உடம்பு எரிந்தது. பட்ட அவமானத்தை ஆற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பாராட்டை எப்படி ஆற்றிக்கொள்வது?

கடைசியில் அது ஒரு முடிவுக்கு வந்தது. 'பேச்சால் கெடுத்ததைப் பேச்சாலேயே சரிசெய்துவிடலாம். நான் மறைத்தேன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சபை கேட்டு உருகும்படி, தீயில் நடந்ததைச் சொல்லிவிட்டால் போதும்.'

பாருங்கள், அந்த நிலையிலும் அதற்குத் தன் பெயர் கெடக் கூடாது.

அடுத்த சபை கூடியது. யாருடைய வழக்கோ முடிந்ததும் கரிச்சான் அனுமதி கேட்டுப் பாறை மேல் ஏறியது. இதுவரை பேசாத பேச்சைப் பேசியது. தீ படபடவென்று எரியும் சத்தத்தைத் தொண்டையில் கொண்டுவந்தது. மூங்கில் வெடித்தது. குட்டிகள் வீறிட்டன. தாய்ப்பன்றியின் குரலில், "தங்கச்சி, இதுங்களை உள்ள விட்டுக்கோ!" என்று கதறியது. மண்ணை மிதித்து மூடும் சத்தம்கூட வந்தது. பிறகு மௌனம்.

"அந்த நான்கு உயிர்களைக் காத்த வளையைத்தான் நாம் இடித்தோம்!" என்று முடித்தது.

மந்திகளின் கைதட்டலில் மரம் அதிர்ந்தது.

"அடேயப்பா! அன்னிக்குப் பன்றிக்கு, இன்னிக்கு அழுங்குக்கு! எந்தப் பக்கம் பேசினாலும் அழ வைக்கிறான்பா!"

"நாளைக்கு நெருப்பு பக்கமே பேசுவான். நெருப்பும் ஜெயிக்கும்!"

"நிஜமாக நடந்தது!" என்று கத்தியது கரிச்சான்.

"அதுவும் பேச்சோட சேர்த்தியா?" என்று கேட்டுவிட்டு மந்திகள் மறுபடியும் கை கொட்டின.

பன்றிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதன் பிடரி மயிர் சிலிர்த்து நின்றது. "என் சம்சாரத்தோட குரல் அது. அதை வச்சு வித்தை காட்டறியா? எறங்குடா கீழே!"

காட்டெருது முன்காலைத் தரையில் தட்டியது. சபை அடங்கியது. காட்டெருதுக்குப் பேச்சழகு எதுவும் பிடிபடாது. அதற்குத் தெரிந்தது வழக்கம் மட்டும்.

"கரிச்சானே, இது அழுங்கின் நியாயம் என்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வழக்கம் அப்படி. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

கரிச்சான் அலகைத் திறந்தது. பதில்கள் வரிசையாக வந்து நின்றன. இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லலாம். அழுங்கு சொல்ல வேண்டாம் என்றது என்று சொல்லலாம். அழுங்கு தலையசைத்துவிட்டதே என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொன்றையும் சபை நம்பும்படி சொல்ல அதனால் முடியும். எதையும் சொல்ல அதற்கு மனம் வரவில்லை.

"தோத்துடுவேன்னுதான் சொல்லலை," என்றது.

யாருடைய குரலும் இல்லை அது. கொஞ்சம் கரகரப்பான, கட்டைக் குரல். கரிச்சானின் சொந்தக் குரல் அதுதான். பலருக்கு யார் பேசியது என்றே புரியவில்லை.

"என்ன?" என்றது காட்டெருது.

"முதல் நாளே அக்கா என்கிட்ட சொன்னாங்க. நான் மறைச்சேன். அவங்க தலையாட்டலைங்க, பயந்துபோய்ச் சுருண்டாங்க. அதுவும் எனக்குத் தெரியும்."

 கரிச்சான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் மந்திகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரிந்திருக்கும்.

 பன்றி தன் குட்டிகளைப் பார்த்தது.

"அன்னிக்கு ஓடைக்கரையில இதுங்களைக் கண்டுபிடிச்சப்போ..." என்று மெதுவாகச் சொன்னது. "ஒரு குட்டி மேலகூட சாம்பல் இல்லை. காதெல்லாம் செம்மண்ணு. நக்கி நக்கிச் சுத்தம் பண்ணினேன். ஏன் செம்மண்ணுன்னு ஒரு நாளும் யோசிக்கலையே நான்!"

அது கரிச்சானைத் திட்டவில்லை. "அந்தம்மா எங்க இருக்கு? வழி காட்டு," என்றது. அவ்வளவுதான்.

கரிச்சான் முன்னால் பறந்தது. பன்றியும் குட்டிகளும் பின்னால் வந்தன. பாறைச் சந்தில் ஒரு விரிசலுக்குள் அழுங்கு குட்டியை அணைத்துக்கொண்டு கிடந்தது. சுடுபாறை, எறும்புகூட இல்லாத இடம். தாயும் குட்டியும் மெலிந்துபோயிருந்தன.

பன்றியைக் கண்டதும் அழுங்கு வெலவெலத்துப்போனது.

"அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே! நான் அந்தத் தீ விஷயத்தைச் சபையில சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிக்காட்டணும்னு நினைக்கலை. குட்டிக்கு என்ன ஆகுமோங்கற பயத்துல புத்தி கெட்டுப்போச்சு."

"என்ன தங்கச்சி சொல்ற?" பன்றியின் குரல் உடைந்தது. "எனக்கே இன்னிக்குத்தானே தெரியும்! தெரிஞ்சிருந்தா உன் மேட்டுல மூக்கை வச்சிருப்பேனா? என் புள்ளைங்களை வச்சுக் காப்பாத்தின வளையை, அதே புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் இடிச்சேனே! நான்தான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். வாம்மா. மண்ணு கல்லா இருந்தா என்ன, என் மூக்கு இருக்கு. பழைய வளையைவிட ஆழமா நானே தோண்டித் தரேன்."

குட்டிப் பன்றிகள் ஒன்றும் புரியாமல் அழுங்கின் குட்டியை மோந்து பார்த்தன.

அழுங்குக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. பன்றியைப் பார்த்தது. பிறகு மேலே பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்த கரிச்சானைப் பார்த்தது.

"தம்பி, அன்னிக்கு நீ சொன்னேன்னியே? இவரு கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லலைன்னியே?"

"சொல்லவே இல்லைக்கா," என்றது கரிச்சான். "பொய்."

அழுங்கு திட்டவில்லை. சுருளவும் இல்லை. யோசித்து யோசித்து ஒரு கேள்விதான் கேட்டது.

"அப்போ இத்தனை நாளா நான் பட்டுக்கிட்டு இருந்தது உன்னோட வெக்கமா?"



அழுங்கு குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு பன்றியோடு மேட்டுப் பக்கம் நடந்தது. கரிச்சான் கூடப் போகவில்லை. யாரும் அதைக் கூப்பிடவும் இல்லை.

நீதி: எதிராளியின் நியாயத்தை மறைத்து வென்றவன், தான் பட வேண்டிய வெட்கத்தைக் குற்றமற்றவர் தலையில் ஏற்றி வைக்கிறான்.